பழைய நிரல்கள் முறியாமல் கருனி இடைமுகத்தை விரிவாக்குதல்

கருனி இடைமுக விரிவாக்கம் என்பது, ஓர் இயங்குதளத்தின் கருனி தன்மேல் ஓடும் நிரல்களுக்கு அளிக்கும் சேவைகளில் புதியவற்றைச் சேர்க்கும் பணியைக் குறிக்கும். ஏற்கெனவே எழுதித் தொகுக்கப்பட்ட நிரல்கள் எதுவும் இதனால் முறிந்துபோகக் கூடாது என்பதே இப்பணியின் முதல் நிபந்தனை. கெர்னல் என்று பரவலாக வழங்கும் கருனி, வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவே நிற்கும் மென்பொருள். ஒரு நிரல் கோப்பைத் திறக்க வேண்டுமானாலும், வலையமைப்பில் செய்தி அனுப்ப வேண்டுமானாலும், நேரம் கேட்க வேண்டுமானாலும் கருனியிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு முறைமை அழைப்பு அல்லது சிஸ்டம் கால் என்று பெயர்.

கருனியை மாற்றுவோர் அதன்மேல் ஓடும் நிரல்களை எல்லாம் அறிந்திருக்க முடியாது. தொழிற்சாலை ஒன்றின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதினைந்து ஆண்டுகளாக ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கலாம். அதை எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார். மூலநிரல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெட்டியில் பாதுகாப்புக் காரணத்துக்காகக் கருனியைப் புதுப்பிக்கும் நாளில் நிரல் நின்றுபோனால், அடுத்த முறை அந்த நிறுவனம் புதுப்பிக்கத் தயங்கும். புதுப்பிக்காத கருனியில் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். ஆகவே பழைய நிரல்களைக் காப்பதைப் பழைமைப் பற்று என்று ஒதுக்கிவிட முடியாது.

இக்கட்டுரை பெரும்பாலும் லினக்ஸ் கருனியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இக்கருனியின் மாற்றங்கள் யாவும் பொதுவெளியில் பதிவாகியிருப்பதால், எந்த முடிவு எந்த ஆண்டில் ஏன் எடுக்கப்பட்டது என்பதை இன்றும் தேடிப் பார்க்கலாம்.

எல்லைக்கோடு எங்கே

லினக்ஸில் ஒவ்வொரு முறைமை அழைப்புக்கும் ஓர் எண் உண்டு. 64-பிட் எக்ஸ்86 கணினிகளில் 'ரீட்' 0, 'ரைட்' 1, 'ஓப்பன்' 2, 'குளோஸ்' 3. நிரல் அந்த எண்ணைச் செயலியின் ஒரு பதிவகத்திலும், உடன் அனுப்பும் தகவல்களை வேறு பதிவகங்களிலும் வைத்துவிட்டுக் கருனியைத் தட்டுகிறது. கருனி எண்ணைப் பார்த்து, தன் அட்டவணையில் அதற்கு நேரே உள்ள பணியைச் செய்கிறது. பெயர்கள் எல்லாம் மனிதர் வசதிக்கே. தொகுக்கப்பட்ட நிரலுக்குள் பதிந்திருப்பது எண் மட்டுமே.

பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டால், அவருடைய வரிசை எண்ணை நடு ஆண்டில் வேறொருவருக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தால் பழைய மதிப்பெண் புதியவர் கணக்கில் ஏறும். முறைமை அழைப்பு எண்களும் அப்படித்தான். ஓர் அழைப்பு நீக்கப்பட்டாலும் அதன் எண் காலியாகவே விடப்படும். அழைப்போடு வரும் தகவல்களின் வரிசை, ஒவ்வொன்றின் அகலம், திரும்பும் பிழை எண் ஆகியவையும் மாறக் கூடாதவை.

இந்த எல்லைக்கோட்டை எல்லா இயங்குதளங்களும் ஒரே இடத்தில் வரைவதில்லை. விண்டோஸில் முறைமை அழைப்பு எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. அங்கே உறுதி அளிக்கப்படுவது கருனிக்கு மேலே உள்ள நிரலகங்களின் அளவில். மேக் இயங்குதளத்திலும் அதே நிலைதான். கோ மொழியில் தொகுத்த நிரல்கள் அங்கே நிரலகத்தைத் தாண்டி நேரே கருனியை அழைத்துவந்தன. 2016இல் சியரா பதிப்பில் நேரம் கேட்கும் அழைப்பின் உள்முறை மாறியபோது, முன்பே தொகுத்திருந்த கோ நிரல்கள் முறிந்தன. பின்னர் கோ மொழியினர் அந்த நேரடி வழியைக் கைவிட்டு, ஆப்பிளின் நிரலகம் வழியாகவே செல்லத் தொடங்கினர். லினக்ஸோ கோட்டைக் கருனியின் வாசலிலேயே வரைந்திருக்கிறது. கருனியின் உள்ளே இருக்கும் இடைமுகங்களுக்கு, அதாவது சாதன இயக்கிகள் பயன்படுத்தும் உட்பணிகளுக்கு, எந்த உறுதியும் கிடையாது. அவை வாரந்தோறும் மாறலாம். வாசலுக்கு வெளியே இருப்பவருக்குத் தந்த வாக்கு மட்டும் மாறாது.

தெரியாத கொடியை என்ன செய்வது

விரிவாக்கத்தின் சிக்கல் முழுவதையும் 'ஓப்பன்' அழைப்பு ஒன்றை வைத்தே விளக்கிவிடலாம். கோப்பின் பெயரோடு, எந்த விதமாகத் திறக்க வேண்டும் என்று சொல்லும் ஓர் எண்ணையும் அது பெறும். அந்த எண்ணின் ஒவ்வொரு பிட்டும் ஒரு கொடி. 'எழுதுவதற்குத் திற', 'இல்லையென்றால் உருவாக்கு', 'கடைசியில் சேர்' என்பவை இப்படிப்பட்ட கொடிகள். 32 பிட்டுகளில் தொடக்கத்தில் சிலவற்றுக்குத்தான் பொருள் இருந்தது. மற்றவை பிற்காலத்துக்கு.

பொருள் தரப்படாத பிட்டு ஒன்றை நிரல் உயர்த்தி அனுப்பினால் கருனி என்ன செய்ய வேண்டும்? 'ஓப்பன்' அதைக் கண்டுகொள்ளாமல் விட்டது. இன்றும் விடுகிறது. தாராள மனத்தோடு நடப்பது போலத் தோன்றும் இந்த நடத்தைதான் பின்னாளில் வந்த தொல்லைகளுக்கு வேர்.

முதல் தொல்லை பழைய நிரல்களிடமிருந்து வருகிறது. சில நிரல்கள் தவறுதலாகவோ, மதிப்பைச் சரியாகத் துடைக்காமலோ அந்தக் காலிப் பிட்டுகளில் குப்பையை வைத்து அனுப்பிக்கொண்டிருக்கும். கருனி கண்டுகொள்ளாததால் அவை நன்றாகவே ஓடும். அந்தப் பிட்டுக்கு இன்று புதுப் பொருள் கொடுத்தால், கேட்காத ஒன்று அந்த நிரலுக்கு நடக்கும். இரண்டாவது தொல்லை புதிய நிரல்களுக்கு. புதிய கொடியோடு எழுதப்பட்ட நிரல் ஒரு பழைய கருனியில் ஓடும்போது, கருனி அக்கொடியைப் புறக்கணித்துவிட்டு 'ஆயிற்று' என்று பதில் தரும். கேட்டது கிடைத்ததா இல்லையா என்று நிரலுக்குத் தெரியாது.

இரண்டாவது தொல்லை பாதுகாப்பைத் தொடும்போது தீவிரமாகிறது. லினக்ஸில் ஒரு நிரல் இன்னொரு நிரலைத் தொடங்கினால், தான் திறந்து வைத்திருக்கும் கோப்புகளும் இயல்பாக அதன் கைக்குப் போய்ச் சேரும். கடவுச்சொல் கோப்பு திறந்திருந்தால் அதுவும் போகும். போகக் கூடாது என்றால், திறந்த பிறகு இரண்டாவது அழைப்பு ஒன்றால் அக்கோப்பைக் குறித்து வைக்க வேண்டும். பல இழைகள் ஒரே நேரத்தில் ஓடும் நிரலில் இது போதாது. ஓர் இழை கோப்பைத் திறந்து, குறித்து வைப்பதற்கு முன் உள்ள அந்த நொடித்துகளில், மற்றோர் இழை புது நிரலைத் தொடங்கிவிடலாம்.

இதற்காக 2007 அக்டோபரில் வெளியான 2.6.23 பதிப்பில், திறக்கும்போதே 'இதைப் பிறருக்குக் கைமாற்றாதே' என்று சொல்லும் கொடி ஒன்று 'ஓப்பன்' அழைப்பில் சேர்க்கப்பட்டது. ஆனால் அதே நிரலை 2.6.22இல் ஓட்டினால் கருனி அந்தக் கொடியை விழுங்கிவிட்டுக் கோப்பைத் திறந்து கொடுக்கும். பூட்டிய கதவு என்று நிரல் நினைத்திருக்கும், கதவோ திறந்தே கிடக்கும். பைத்தான் மொழியின் உருவாக்குநர்கள் இதற்காகவே ஒரு சோதனையை எழுத வேண்டியிருந்தது: கொடியோடு ஒரு கோப்பைத் திறந்து, குறி உண்மையிலேயே விழுந்திருக்கிறதா என்று கருனியிடம் திரும்பக் கேட்டு, விழவில்லையென்றால் பழைய இரண்டு படி முறைக்குப் போவது.

2013இல் 3.11 பதிப்பில் பெயரில்லாத தற்காலிகக் கோப்பை உருவாக்கும் கொடி வந்தபோது, உருவாக்குநர்கள் வேறொரு தந்திரத்தைக் கையாண்டனர். புதிய பிட்டோடு, 'இது அடைவாக இருந்தால் மட்டும் திற' என்ற பழைய பிட்டையும் சேர்த்தே அக்கொடியை வரையறுத்தனர். எழுதுவதற்கு என்றும் கேட்க வேண்டும் என்று விதித்தனர். பழைய கருனி புதிய பிட்டைப் பார்க்காது. ஆனால் ஓர் அடைவை எழுதுவதற்காகத் திறக்கச் சொல்வதாக அதற்குப் படும். அடைவை அப்படித் திறக்க எந்தக் கருனியும் சம்மதிக்காது. ஆகவே பிழை திரும்பும், நிரலும் உண்மையைத் தெரிந்துகொள்ளும். மிகக் கெட்டிக்காரத்தனமான வழிதான். எனினும், முதலிலேயே தெரியாத கொடியை மறுத்திருந்தால் இந்தக் கெட்டிக்காரத்தனம் தேவைப்பட்டிருக்காது.

நினைவகத்தில் கோப்பைப் பொருத்தும் 'எம்மேப்' அழைப்பும் இதே நோயோடு பிறந்தது. பகிர்வுப் பொருத்தத்தில் தெரியாத கொடிகளை அது புறக்கணித்துவந்தது. 2018 தொடக்கத்தில் வந்த 4.15 பதிப்பில் அதற்கு 'பகிர்வு' என்பதற்குப் பக்கத்திலேயே 'சரிபார்க்கும் பகிர்வு' என்று ஒரு புதிய வகை சேர்க்கப்பட்டது. செய்யும் வேலை ஒன்றே. தெரியாத கொடி வந்தால் மறுக்கும் என்பதே வேறுபாடு. ஒழுங்காக மறுக்கத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டுமே ஒரு புதிய வகை!

எண் ஒட்டிய பெயர்கள்

'ஓப்பன்' அழைப்புக்காவது கொடி வைக்க ஓர் இடம் இருந்தது. குழாய் அமைக்கும் 'பைப்', கோப்பு எண்ணை நகலெடுக்கும் 'டூப்2' போன்றவற்றில் கொடிக்கு இடமே இல்லை. 'கைமாற்றாதே' என்று இவற்றிடம் எப்படிச் சொல்வது? புதிய அழைப்புகளை உருவாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. 2008 அக்டோபரில் வெளியான 2.6.27 பதிப்பில் 'பைப்2', 'டூப்3', 'ஈபோல்-கிரியேட்1', 'ஈவென்ட்எஃப்டி2', 'சிக்னல்எஃப்டி4' என்று ஒரு குடும்பமே வந்து சேர்ந்தது. அடுத்த பதிப்பில் 'அக்செப்ட்4' வந்தது. பழையவை நீங்கவில்லை, பக்கத்திலேயே இருக்கின்றன.

பெயரின் கடைசியில் உள்ள எண் மாணவர்களைக் குழப்புவதுண்டு. 'டூப்3' மூன்று தகவல்களைப் பெறும், 'அக்செப்ட்4' நான்கைப் பெறும். இங்கெல்லாம் எண் தகவல்களின் எண்ணிக்கை. பின்னால் வரும் 'ஓப்பன்அட்2', 'குளோன்3' ஆகியவற்றில் அது எத்தனையாவது வடிவம் என்பதைக் குறிக்கிறது. இரண்டு வழக்கமும் கலந்தே இருக்கின்றன. ஒழுங்கு தேடிப் பயனில்லை.

இந்த அனுபவத்துக்குப் பின், இன்று பயன் இல்லாவிட்டாலும் புதிய அழைப்பில் ஒரு கொடி இடம் வைக்க வேண்டும், பொருளற்ற பிட்டு ஏதேனும் உயர்ந்திருந்தால் பிழை தர வேண்டும் என்பது லினக்ஸ் கருனியில் புதிய அழைப்பு சேர்ப்போருக்கான வழிகாட்டியிலேயே இடம்பெற்றது.

நீளம் சொல்லும் விண்ணப்பம்

பதிவகங்கள் வழியே ஆறு தகவல்களைத்தான் அனுப்ப முடியும். அதற்கு மேல் தேவைப்பட்டால், தகவல்களை நினைவகத்தில் வரிசையாக அடுக்கி, அந்த அடுக்கின் முகவரியைக் கொடுக்க வேண்டும். சி மொழியில் இதை ஸ்ட்ரக்ட் என்பர். தமிழில் கட்டமைப்பு எனலாம். கட்டமைப்பில் பிற்காலத்துக்கென்று சில இடங்களைக் காலியாக விட்டுவைப்பது பழைய வழக்கம். அரசு விண்ணப்பங்களில் 'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதைப் போல. அந்தக் கட்டத்தில் யாரேனும் கிறுக்கியிருந்தால் எழுத்தர் விண்ணப்பத்தைத் திருப்பித் தர வேண்டும். தராமல் பத்தாண்டு வாங்கிக்கொண்டே இருந்தால், பிறகு ஒருநாள் அக்கட்டத்துக்குப் பொருள் கொடுக்க முடியாது. வருகிற விண்ணப்பத்தில் இருப்பது கிறுக்கலா, உண்மைத் தகவலா என்று எப்படித் தெரியும்? காலி இடம் பூச்சியமாக இருக்கிறதா என்று முதல் நாளிலிருந்தே சரிபார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

காலி இடமும் ஒருநாள் தீர்ந்துபோகும். அதற்கு இப்போது வழங்கும் தீர்வு, கட்டமைப்போடு அதன் நீளத்தையும் நிரலே சொல்லிவிடுவது. விண்டோஸில் இது நெடுநாள் பழக்கம். புது நிரலைத் தொடங்கும் அழைப்புக்குத் தரும் கட்டமைப்பின் முதல் உறுப்பே அதன் நீளம்தான். லினக்ஸில் 2019, 2020 ஆண்டுகளில் வந்த 'குளோன்3', 'ஓப்பன்அட்2' ஆகியவை இந்த முறைக்கு நல்ல எடுத்துக்காட்டுகள்.

'குளோன்' என்பது புதிய இழை அல்லது புதிய செயல் ஒன்றைத் தோற்றுவிக்கும் அழைப்பு. அதன் 32 கொடிகளும் கிட்டத்தட்டத் தீர்ந்துபோயின. 2019 செப்டம்பரில் 5.3 பதிப்பில் வந்த 'குளோன்3' இரண்டே தகவல்களைப் பெறுகிறது: ஒரு கட்டமைப்பின் முகவரி, அதன் நீளம். அன்று அக்கட்டமைப்பு 64 பைட்டு. 5.5 பதிப்பில் புதிய உறுப்புகள் சேர்ந்து 80 ஆயிற்று, 5.7 பதிப்பில் 88 ஆயிற்று. அழைப்பு எண் மாறவில்லை.

கருனி இதைக் கையாளும் விதி எளியது. நிரல் சொன்ன நீளமும் கருனி அறிந்த நீளமும் ஒன்றானால் அப்படியே எடுத்துக்கொள்ளும். நிரல் பழையது, 64 பைட்டுதான் அனுப்புகிறது, கருனியோ 88 அறியும் என்றால், குறைந்த 24 பைட்டையும் பூச்சியமாக நிரப்பிக்கொள்ளும். ஆகவே புதிய உறுப்பு எதுவானாலும் 'பூச்சியம் என்றால் முன்பு போலவே நட' என்று பொருள்படும்படி வடிவமைக்க வேண்டும். மூன்றாவது நிலைதான் நுட்பமானது. நிரல் புதியது, 88 பைட்டு அனுப்புகிறது. கருனி பழையது, அதற்கு 64தான் தெரியும். கருனி தனக்குத் தெரியாத அந்த மிச்ச 24 பைட்டையும் புரட்டிப் பார்க்கும். எல்லாம் பூச்சியமானால், நிரல் புதிய வசதி எதையும் கேட்கவில்லை என்று பொருள். வேலையைச் செய்து கொடுக்கும். ஒரு பைட்டாவது பூச்சியமில்லை என்றால் 'இது எனக்குப் பெரிது' என்ற பிழையோடு திருப்பிவிடும். தெரியாததைக் கேட்டால் மறுப்பு, கேட்காவிட்டால் சேவை. நிரல் எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று யாரும் யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் 5.6 பதிப்பில் வந்த 'ஓப்பன்அட்2' இதே விதியைப் பின்பற்றுகிறது. அதன் கட்டமைப்பில் எட்டு பைட்டு அகலத்தில் மூன்று உறுப்புகள்: கொடிகள், அனுமதி, பாதையை எப்படி நடக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு. மூன்றாவது உறுப்பால், 'இந்த அடைவுக்கு வெளியே எந்தச் சூழ்நிலையிலும் போகாதே', 'வழியில் குறியீட்டு இணைப்பு எதையும் பின்தொடராதே' என்று சொல்ல முடிகிறது. பயனர் கொடுக்கும் பாதைப் பெயரை நம்பித் திறக்க வேண்டிய வழங்கிகளுக்கு இது பெரிய காப்பு. இப்படிப்பட்ட காப்பைப் பழைய 'ஓப்பன்' அழைப்பில் கொடியாகச் சேர்த்திருந்தால், பழைய கருனி ஒன்று அதை விழுங்கிவிட்டு வெளியே உள்ள கோப்பைத் திறந்து கொடுத்திருக்கும். 'ஓப்பன்அட்2' தெரியாத கொடி வந்தால் மறுக்கிறது.

கட்டமைப்புகளில் இன்னொரு கண்ணி உண்டு. நான்கு பைட்டு உறுப்புக்கு அடுத்து எட்டு பைட்டு உறுப்பு வந்தால், 32-பிட் எக்ஸ்86 தொகுப்பி அவற்றை ஒட்டி வைத்து 12 பைட்டில் முடிக்கும். 64-பிட் தொகுப்பி நடுவில் நான்கு பைட்டு இடைவெளி விட்டு 16 ஆக்கும். ஒரே மூலநிரல், இரண்டு வடிவங்கள். 64-பிட் கருனியில் 32-பிட் நிரல்களும் ஓடுவதால், இடைவெளியை வெளிப்படையான ஓர் உறுப்பாகவே எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்ட பழைய அழைப்புகளுக்கு மொழிபெயர்க்கும் நடுநிரலைக் கருனி இன்றுவரை சுமக்கிறது.

அகலம் போதாமை

சில இடைமுகங்களில் புதிய வசதி எதுவும் வேண்டியதில்லை. எண்ணின் அகலம்தான் போதாமல் போகிறது. தொடக்கத்தில் பயனர் எண் 16 பிட்டு; 65,536 பேருக்கு மேல் இடமில்லை. 2001இல் வந்த 2.4 பதிப்பு அதை 32 பிட்டாக்கியது. பழைய நிரல் பழைய அழைப்பால் தன் பயனர் எண்ணைக் கேட்டு, அது 16 பிட்டில் அடங்காததாக இருந்தால் கருனி 65534 என்ற ஒரு பொய் எண்ணைத் தருகிறது. இதற்கு மாறாக, 32-பிட் நிரல் பழைய முறையில் 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைத் திறக்கக் கேட்டால், 'மதிப்பு அடங்காது' என்ற பிழை திரும்புகிறது. இரண்டில் எது மேல்? பிழை தருவதுதான் மேல் என்று இங்கும் தோன்றுகிறது. ஆனால் பயனர் எண் கேட்கும் அழைப்பு தோற்கவே தோற்காது என்பது அதன் பழைய வாக்கு. தோல்வியைச் சோதிக்காத நிரல்களுக்கு அங்கே பிழை எண் தருவதும் ஒரு முறிவே.

நேரத்தின் கதை இன்னும் முடியவில்லை. 1970 முதல் கடந்த விநாடிகளை 32 பிட்டில் எண்ணும் முறை, 2038 சனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு நிறைந்துவிடும். அடுத்த விநாடியில் எண் எதிர்மறையாகி 1901ஆம் ஆண்டைக் காட்டும். 32-பிட் கணினிகளுக்கென 64-பிட் நேரம் தரும் புதிய அழைப்புகள் 2019 மே மாதம் 5.1 பதிப்பில் சேர்க்கப்பட்டன. நிரலகமான ஜிலிப்சி 2021 ஆகஸ்டில் அதைத் தொடர்ந்தது. ஆனால் பழைய அழைப்பைத் தன்னுள் பதித்துக்கொண்டு தொகுக்கப்பட்ட நிரலை இவை காப்பாற்றா. அதை மறுபடி தொகுத்தே ஆக வேண்டும். பழைய இடைமுகத்தைக் கருனி எவ்வளவு உண்மையாகக் காத்தாலும், அந்த இடைமுகத்துக்குள்ளேயே இருக்கும் குறை அப்படியே காக்கப்படும்.

யாரும் எழுதி வைக்காத வாக்குகள்

கையேட்டில் உள்ளதைக் காத்தால் போதும் என்று நினைப்பது இயல்பு. லினக்ஸில் அது போதாது. பயனருடைய நிரல் முறிந்தால் அது கருனியின் பிழை, நிரல் செய்தது முறையா இல்லையா என்பது அடுத்த பேச்சு என்பதே டோர்வால்ட்ஸ் திரும்பத் திரும்ப வலியுறுத்திவரும் நிலைப்பாடு.

2011இல் கருனியின் நிகழ்வுப் பதிவுகளிலிருந்து, பயனற்றுப் போன ஒரு பூட்டின் ஆழத்தைக் குறிக்கும் உறுப்பு நீக்கப்பட்டது. அதை யாரும் படிக்கவில்லை. ஆனால் மின்சாரச் செலவைக் காட்டும் பவர்டாப் என்ற நிரல், தனக்கு வேண்டிய தகவல் இத்தனையாவது பைட்டில் இருக்கும் என்று எண்ணி வைத்திருந்தது. உறுப்பு போனதும் எல்லாம் இடம் நகர்ந்து, நிரல் தடுமாறியது. முடிவில், பொருளற்ற வெற்று உறுப்பு ஒன்று அதே இடத்தில் திரும்ப வைக்கப்பட்டது.

அதே ஆண்டு சூலையில் 2.6.39க்கு அடுத்த பதிப்பு 3.0 என்று பெயர் பெற்றது. உள்ளே பெரிய மாற்றம் ஒன்றுமில்லை, எண் மட்டும்தான். பதிப்பு எண் '2.6' என்றுதான் தொடங்கும் என்று எழுதியிருந்த நிரல்கள் அதனாலேயே நின்றன. 3.1 பதிப்பில், கேட்கும் நிரலுக்கு மட்டும் கருனி தன்னை 2.6.40 வரிசையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு வசதி சேர்க்கப்பட்டது.

2019இல் நடந்தது இன்னும் வியப்பானது. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் வட்டைப் படிப்பதை விரைவாக்கும் மாற்றம் ஒன்று 5.3 பதிப்புக்காகச் செய்யப்பட்டது. அதில் இடைமுகத்தை யாரும் தொடவில்லை. ஆனால் வட்டு அணுகல்கள் குறைந்ததால், அவற்றின் நேர ஏற்ற இறக்கத்திலிருந்து கருனி திரட்டும் சீரின்மையும் குறைந்தது. தொடக்கத்திலேயே குறிப்பில்லா எண் கேட்ட நிரல், போதிய சீரின்மை சேரும்வரை காத்திருந்தது. சில கணினிகளில் நுழைவுத் திரையே வரவில்லை. அந்த விரைவாக்கம் வெளியீட்டுக்கு முன் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த பதிப்பில் கருனியே செயலியின் நேரத் துடிப்பிலிருந்து சீரின்மையைத் திரட்டிக்கொள்ளும்படி செய்யப்பட்ட பிறகுதான் அது திரும்ப இடம்பெற்றது.

மறுப்பை மாற்றிச் சொன்னால்

புதிய அழைப்பு பழைய கருனியில் இல்லாதபோது, 'இப்படி ஓர் அழைப்பே இல்லை' என்று கருனி சொல்லும். எக்ஸ்86 கணினிகளில் அந்தப் பிழையின் எண் 38. நிரலகங்கள் இதை நம்பியே இயங்குகின்றன: முதலில் புதியதைக் கேட்பது, 38 வந்தால் பழையதற்குப் போவது. கொள்கலன்களில் ஓடும் நிரல்களுக்கு முன்னால் ஒரு காவல் வடிகட்டி நிற்கும். டாக்கரின் வடிகட்டி தன் பட்டியலில் இல்லாத அழைப்புகளுக்கு 1 என்ற பிழையை, அதாவது 'உனக்கு அனுமதி இல்லை' என்பதை, திருப்பிக்கொண்டிருந்தது. 2021இல் ஜிலிப்சி 2.34 இழை தொடங்க 'குளோன்3' அழைப்பைக் கேட்கத் தொடங்கியதும், பழைய வடிகட்டிகளின் பின்னால் இருந்த நிரல்களால் இழை எதையும் தொடங்க முடியவில்லை. 'இல்லை' என்று கேட்டிருந்தால் பழைய 'குளோன்' அழைப்புக்குப் போயிருக்கும். 'அனுமதி இல்லை' என்று கேட்டதால் நின்றுவிட்டது. 'குளோன்3'க்கு 38 என்றே பதில் சொல்லும்படி டாக்கர் பிறகு திருத்தப்பட்டது.

நீக்குதல்

இவ்வளவுக்குப் பிறகும் சில இடைமுகங்கள் நீக்கப்படுகின்றன. பயன்படுத்துவோர் எவரும் இல்லை என்றால் முறிவும் இல்லை என்பதே இங்கு அளவுகோல். கருனி அமைவுகளைப் படிக்க ஒரு காலத்தில் இருந்த 'சிஸ்கன்ட்ரோல்' அழைப்பு, அதே வேலையைச் செய்யும் கோப்புகள் வழக்கத்துக்கு வந்து நெடுங்காலம் ஆன பின், 2020 தொடக்கத்தில் 5.5 பதிப்பில் நீக்கப்பட்டது. 64-பிட் எக்ஸ்86 அட்டவணையில் அதன் எண்ணான 156 காலியாகவே நிற்கிறது. 1990களின் நடுவிலேயே வழக்கொழியத் தொடங்கிய ஏ.அவுட் என்ற நிரல் கோப்பு வடிவத்துக்கான ஆதரவு, எக்ஸ்86 கணினிகளில் 2022இல்தான் எடுக்கப்பட்டது.

புதிய வகைச் செயலிகளுக்கு மட்டும் இந்தச் சுமை குறைவு. 64-பிட் ஆர்ம் செயலிக்கு லினக்ஸ் வந்தபோது, அதில் ஓடும் பழைய 64-பிட் நிரல் ஒன்றுகூட உலகில் இல்லை. ஆகவே அதன் அட்டவணையில் 'ஓப்பன்', 'பைப்', 'டூப்2' ஆகியவை இடம்பெறவே இல்லை. அங்கே நிரலர் 'ஓப்பன்' என்று எழுதினால், நிரலகம் அதை 'ஓப்பன்அட்' ஆக மாற்றியே கருனியிடம் கொண்டுபோகிறது.